கோப்பை யாருக்கு என்பது முடிந்துவிட்டது, வாதம் மட்டும் ஏன் முடியவில்லை? அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து பற்றி ஓர் எளிய விளக்கம்

2025 ஏப்ரல் 7 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோ நகரில், அலமோடோம் அரங்கில், அமெரிக்க ஆண்கள் கல்லூரி கூடைப்பந்தின் இறுதி ஆட்டம் நடந்தது. ஃபுளோரிடா 65, ஹூஸ்டன் 63. கோப்பை ஃபுளோரிடாவுக்குப் போனது. ஆறு மாதம் கழித்து, அடுத்த சீசன் தொடங்கும் முன், விளையாட்டுச் செய்தியாளர்களின் வாக்குகளை எண்ணி அசோசியேட்டட் பிரஸ் ஒரு தரவரிசை வெளியிட்டது. அதில் பர்டியூ முதலிடம், ஹூஸ்டன் இரண்டாமிடம், ஃபுளோரிடா மூன்றாமிடம். தோற்ற அணி மேலே, ஜெயித்த அணி அதற்குக் கீழே!

இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்க்க வருபவருக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஆனால் இதன் காரணம் புரிந்துவிட்டால், ஒவ்வொரு ஏப்ரலிலும் அமெரிக்க ரசிகர்கள் எதற்காக அப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும். அவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வாதாடுகிறார்கள். ஜெயித்த அணிதான் சிறந்த அணியா என்பது ஒன்று. அடுத்த ஆண்டு யார் சிறந்த அணி என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் போட்டி நடக்கும் விதம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உயர்மட்டப் பிரிவில் ஆண்கள் கூடைப்பந்து அணிகள் சுமார் 360 இருக்கின்றன. இவை கான்ஃபரன்ஸ் எனப்படும் குழுக்களாகப் பிரிந்து நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை ஆடும். அப்புறம்தான் 'மார்ச் மேட்னஸ்' எனப்படும் இறுதித் தொடர். 2025இல் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு 31 இடங்கள் நேரடியாகப் போயின; மீதி 37 இடங்களுக்குத் தேர்வுக் குழு அணிகளைப் பொறுக்கி எடுத்தது. ஆக 68 அணிகள்; தொடக்க ஆட்டங்களில் நான்கு அணிகள் வெளியேற, மிஞ்சுவது 64. அவற்றை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் 1 முதல் 16 வரை வரிசை எண் கொடுப்பார்கள். இதற்கு 'சீட்' என்று பெயர். வலுவான அணிக்கு 1, பலவீனமானதற்கு 16. முதல் சுற்றில் 1 என்ற அணி 16ஐ எதிர்கொள்ளும், 2 என்ற அணி 15ஐ எதிர்கொள்ளும், இப்படியே போகும். மூன்று வாரத்தில் தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. ஒன்றில் தோற்றாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றுக்கும் வேர். ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்குத் தெரியும்: புள்ளிப் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் முதல் குவாலிஃபையரில் தோற்றாலும் அவற்றுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. என்.பி.ஏ. தொழில்முறைக் கூடைப்பந்தில் இறுதிச் சுற்று ஏழு ஆட்டத் தொடர். நான்கு ஜெயிக்கும் அணிக்குத்தான் கோப்பை. கல்லூரி ஆட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. நாற்பது நிமிடம், ஒரே ஆட்டம், அவ்வளவுதான்.

ஒரே ஆட்டம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 35 உள்ளே போட்டால் அது நல்ல அணி. அப்படிப்பட்ட அணி ஓர் ஆட்டத்தில் 25 முறை முயன்றால் சராசரியாக ஒன்பது ஷாட் விழும். ஆனால் நடைமுறையில் ஓர் இரவு ஆறு விழும், இன்னோர் இரவு பதினொன்று விழும். இரண்டுமே சாதாரணம்தான், அணியின் திறமை மாறவே இல்லை. ஆனால் ஆறுக்கும் பதினொன்றுக்கும் இடையில் 15 புள்ளி வித்தியாசம் இருக்கிறது. 2025 இறுதி ஆட்டம் முடிந்தது 2 புள்ளியில்.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாதத்துக்கான அத்தனை சரக்கும் அதில் இருந்தது. அந்த ஆண்டு நான்கு மண்டலங்களிலும் 1 என்ற சீட் வாங்கிய அணிகளே 'ஃபைனல் ஃபோர்' எனப்படும் அரையிறுதிக்கு வந்தன: ஃபுளோரிடா, ஹூஸ்டன், டியூக், ஆபர்ன். 2008க்கு அப்புறம் அப்படி நடந்தது அதுதான். அதிர்ஷ்டத்தில் நுழைந்த அணி என்று யாரையும் ஒதுக்க வழியில்லை. ஹூஸ்டன் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சன் எழுபதை நெருங்கியவர். எதிராளியை மூச்சுவிடாமல் நெருக்கும் தற்காப்பு ஆட்டம்தான் அவருடைய அடையாளம். ஃபுளோரிடா பயிற்சியாளர் டாட் கோல்டனுக்கு 39 வயது.

இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் 12 புள்ளி முன்னிலைக்குப் போனது. அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 புள்ளி அடித்த ஃபுளோரிடாவின் நட்சத்திரம் வால்டர் கிளேட்டன் ஜூனியர், இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மொத்த ஆட்டத்திலும் 11தான் எடுத்தார். அணியைத் தாங்கிப் பிடித்தவர் 18 புள்ளி எடுத்த வில் ரிச்சர்ட். ஃபுளோரிடா கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. கடைசி நிமிடத்தில் அலிஜா மார்ட்டின் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடுப்பார் இல்லாமல் போட விடும் ஒரு புள்ளி ஷாட்) போட்டு 64-63 ஆக்கினார். அடுத்து ஹூஸ்டன் ஷாட் போடாமலே பந்தை இழந்தது. டென்சல் அபர்டீன் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைப் போட, 65-63.

கடைசி விநாடிகள். ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு எம்பினார். அது விழுந்தால் கோப்பை ஹூஸ்டனுக்கு. ஆனால் கிளேட்டன் பாய்ந்து வந்து கையை நீட்டிவிட்டார். ஷாட்டைத் தடுத்துவிடுவார் என்று தெரிந்ததும், எம்பிய நிலையிலேயே ஷார்ப் பந்தைக் கீழே விட்டார். பந்தோடு எம்பி, அதைத் தரையில் விட்டு, தானே முதலில் தொட்டால் அது 'டிராவலிங்' என்ற விதிமீறல். அதனால் அவரால் தொட முடியவில்லை. பந்து பக்கத்திலேயே துள்ளிக்கொண்டிருக்க, ஃபுளோரிடாவின் ஆஸ்திரேலிய வீரர் அலெக்ஸ் காண்டன் பாய்ந்து விழுந்து அதைப் பற்றிக்கொண்டார். நேரம் முடிந்தது.

பல இரவுகளில் ஆட்டத்தை ஜெயிக்க வைக்கும் தாக்குதலை இழந்த ஒருவர், அதே ஆட்டத்தைத் தன் தற்காப்பால் ஜெயித்துக் கொடுத்ததைத்தான் அங்கே பார்த்தோம். தொடரின் தலைசிறந்த வீரர் விருதும் கிளேட்டனுக்கே போனது. 18 புள்ளி எடுத்த ரிச்சர்டுக்குக் கொடுத்திருக்க வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விருது ஃபைனல் ஃபோரின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது. ஆபர்னுக்கு எதிரான அந்த 34 இல்லாவிட்டால் ஃபுளோரிடா இறுதி ஆட்டத்தில் நின்றிருக்குமா என்பதே சந்தேகம்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஃபுளோரிடாதான் சிறந்த அணியா?

ஹூஸ்டன் ரசிகர் சொல்வது: ஆட்டத்தின் பெரும்பகுதி நாங்கள்தான் முன்னிலையில் இருந்தோம், கடைசியில் இரண்டு தவறு செய்தோம், அவ்வளவுதான். ஃபுளோரிடா ரசிகர் சொல்வது: நெருக்கடியில் நிதானமாக ஆடுவதுதான் சாம்பியனின் அழகு, அது உங்களிடம் இல்லை. அமெரிக்கர்கள் இதை 'கிளட்ச்' என்பார்கள். அந்தத் தொடரில் ஃபுளோரிடா அதைத் திரும்பத் திரும்பச் செய்தது உண்மைதான். இரண்டாம் சுற்றில் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பை வென்ற கனெக்டிகட் அணியை 77-75 என்று வீழ்த்தியது. காலிறுதி நிலையில் டெக்சாஸ் டெக் அணியிடம் கடைசி மூன்று நிமிடத்தில் 9 புள்ளி பின்தங்கியிருந்து 84-79 என்று ஜெயித்தது.

ஆனால் அந்த வாதத்தை அப்படியே ஹூஸ்டன் பக்கமும் திருப்பலாம். பர்டியூ அணியை ஹூஸ்டன் 62-60 என்று வீழ்த்தியது, மிலோஸ் யூசான் கடைசி விநாடியில் போட்ட கூடையால். அரையிறுதியில் டியூக் இரண்டாம் பாதியில் 14 புள்ளி முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடத்திலும் 67-61 என்று முன்னிலை. அங்கிருந்து கடைசி ஒன்பது புள்ளிகளையும் ஹூஸ்டனே எடுத்து 70-67 என்று முடித்தது. ஷார்ப் ஒரு மூன்று புள்ளி ஷாட் போட்டார். ஜோசப் டக்லர் ஒரு டங்க் போட்டார், அதாவது எம்பிப் பந்தைக் கூடைக்குள் நேராக அமுக்கினார். ஜே'வான் ராபர்ட்ஸ் மீது ஃபவுல் என்று டியூக்கின் கூப்பர் ஃப்ளாகுக்கு எதிராக நடுவர் விசில் ஊத, ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்டார். அந்த விசில் சரியா தவறா என்று டியூக் ரசிகர்கள் இன்னும் விடவில்லை. நெருக்கடியில் நிதானம் இல்லாத அணி சனிக்கிழமை இப்படி ஆடிவிட்டு, திங்கட்கிழமை அந்த நிதானத்தை எங்கே தொலைத்தது?

அதனால் என் எண்ணம் இது. இந்த நான்கு அணிகளையும் கடைசி நிமிடம் வரை போட்டியில் நிற்க வைத்தது திறமை. கடைசி நிமிடத்தில் பந்து எந்தப் பக்கம் துள்ளியது என்பதில் பெரும்பங்கு தற்செயலுக்கு உண்டு. இதைச் சொன்னால் ஃபுளோரிடாவின் வெற்றி குறைந்துவிடாது. கோப்பை என்பது அந்த விதிகளின்படி ஆடி ஜெயித்தவருக்குத்தான். அவர்கள் ஆடினார்கள், ஜெயித்தார்கள். ஆனால் அந்த 2 புள்ளியை எடுத்து இரு அணிகளுக்கும் இடையிலான தர வித்தியாசமாக அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

தரத்தை அளக்க வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. கென் பாமராய் என்பவர் பல ஆண்டுகளாக வெளியிடும் கணக்கை ரசிகர்கள் 'கென்பாம்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் அடிப்படை எளிது. ஓர் அணி கையில் பந்து கிடைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய்ப்பு. அப்படி நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது, எதிராளியின் நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன, எதிராளிகள் எவ்வளவு வலுவானவர்கள் என்று பார்த்து எண்களைத் திருத்துவார். மெதுவாக ஆடும் ஹூஸ்டன் போன்ற அணியையும் வேகமாக ஓடும் ஃபுளோரிடா போன்ற அணியையும் ஒரே அளவுகோலில் வைக்க இது உதவுகிறது. மேலும் இது ஒரு சீசனில் ஆடிய நாற்பது ஆட்டங்களைப் பார்க்கிறது, ஒன்றை மட்டுமல்ல. அந்த சீசனில் ஃபுளோரிடா 36 வெற்றி, 4 தோல்வி; ஹூஸ்டன் 35 வெற்றி, 5 தோல்வி. இரண்டும் ஒரே படியில் நின்ற அணிகள் என்றுதான் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது.

ஹூஸ்டன் ரசிகர்களின் வலிக்கு இன்னொரு காரணம் பழையது. 1983இல் ஹக்கீம் ஒலாஜுவான், கிளைட் டிரெக்ஸ்லர் இருவரும் ஆடிய ஹூஸ்டன் அணி, இறுதி ஆட்டத்தில் ஆறாம் சீட் வாங்கிய நார்த் கரோலைனா ஸ்டேட் அணியிடம் 54-52 என்று தோற்றது. கூடைக்கு எட்டாமல் கீழிறங்கிய ஒரு தூரத்து ஷாட்டை லொரென்சோ சார்ல்ஸ் காற்றிலேயே பிடித்துக் கூடைக்குள் அமுக்கினார். அத்தோடு நேரம் முடிந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. டிரெக்ஸ்லர் என்.பி.ஏ.வுக்குப் போன பிறகும், ஒலாஜுவான் இருந்த ஹூஸ்டன் மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்து ஜார்ஜ்டவுன் அணியிடம் 84-75 என்று தோற்றது. நடப்புச் சாம்பியனான நார்த் கரோலைனா ஸ்டேட் 1984 தொடருக்கே தகுதி பெறவில்லை. கோப்பை ஓர் ஊருக்குப் போனது, நல்ல அணி இன்னோர் ஊரில் இருந்தது.

இங்கிருந்துதான் இரண்டாவது கேள்வி, அடுத்த சீசன்.

கல்லூரி அணியைப் புரிந்துகொள்ள முதலில் மனதில் பதிய வேண்டிய விஷயம்: வீரர்கள் மாணவர்கள், அவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒருவர் பொதுவாக நான்கு சீசன்கள்தான் ஆட முடியும். முதலாண்டு மாணவர் ஃபிரெஷ்மன், நான்காம் ஆண்டு மாணவர் சீனியர். சீனியர் போவது முன்கூட்டியே தெரிந்த இழப்பு. திறமைசாலிகள் அதற்கு முன்பே என்.பி.ஏ. டிராஃப்டுக்கு, அதாவது என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, போய்விடுவார்கள். 19 வயதாகி, பள்ளி முடித்து ஓராண்டு கடந்திருந்தால் போதும் என்ற விதி 2006 டிராஃப்டிலிருந்து இருக்கிறது. அதனால் ஓராண்டு மட்டும் ஆடிவிட்டுக் கிளம்பும் ஆட்களுக்கு 'ஒன் அண்ட் டன்' என்று பெயரே வந்துவிட்டது. கூப்பர் ஃப்ளாக் அப்படித்தான்: டியூக்கில் ஒரு சீசன், 2025 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வு. அவரோடு டியூக்கின் ஆரம்ப ஐவரில் மீதி நால்வரும் அதே டிராஃப்டில் போனார்கள். ஓர் அணி மொத்தமாகக் காலி!

எனவே ரசிகர் ஏப்ரலில் கேட்கும் முதல் கேள்வி 'யார் திரும்பி வருகிறார்கள்?' என்பதுதான். இதற்கு ஃபுளோரிடாவின் பழைய கதையைவிட நல்ல பாடம் கிடையாது. பில்லி டோனவன் பயிற்சியில் 2006இல் அந்த அணி கோப்பை வென்றது. ஜோக்கிம் நோவா, அல் ஹார்ஃபர்ட், கோரி புரூவர் மூவரும் அப்போதே என்.பி.ஏ.வுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. டோரியன் கிரீன், லீ ஹம்ஃப்ரி இருவரையும் சேர்த்து ஆரம்ப ஐவரும் அப்படியே திரும்பி வந்தார்கள், 2007இலும் கோப்பை. அப்புறம் ஐவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். 2008இல் அதே கல்லூரி, அதே பயிற்சியாளர், ஆனால் தொடருக்குத் தகுதிகூடக் கிடைக்கவில்லை. கென்டக்கிக்கும் இதே கதி. 2012இல் ஆந்தனி டேவிஸ் தலைமையில் கோப்பை, ஆறு பேர் டிராஃப்டில் போனார்கள், 2013இல் தகுதி இல்லை.

அப்படியென்றால் திரும்பி வரும் ஆட்களை எண்ணினால் போதுமா? போதாது. அதற்கு நார்த் கரோலைனா சாட்சி (முன்பு சொன்ன நார்த் கரோலைனா ஸ்டேட் வேறு கல்லூரி). 2022 இறுதி ஆட்டத்தில் பாதி நேரத்தில் 15 புள்ளி முன்னிலையில் இருந்துவிட்டு கான்சஸ் அணியிடம் 72-69 என்று தோற்றது. ஆரம்ப ஐவரில் நால்வர் திரும்பி வந்தார்கள். சீசனுக்கு முந்தைய தரவரிசையில் முதலிடம் கொடுத்தார்கள். 2023இல் அந்த அணி 68க்குள்ளேயே இடம் பிடிக்கவில்லை. போன அந்த ஒரே ஆளான பிராடி மேனெக், தூரத்திலிருந்து ஷாட் போட்டு மற்றவர்களுக்கு இடம் திறந்துவிட்டவர். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு, போனவர் செய்த வேலையை இனி யார் செய்வார் என்பதையும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை ரசிகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மேலும் 2022இல் அந்த அணி வழக்கமான சீசனில் சுமாராக ஆடி எட்டாம் சீட்டோடு உள்ளே வந்து, மூன்று வாரம் பிரமாதமாக ஆடியது. அந்த மூன்று வாரத்தை வைத்து முதலிடம் கொடுத்தார்கள். சீசன் முழுக்க எப்படி ஆடினார்கள் என்பதைப் பார்த்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

இதே கல்லூரியின் இன்னொரு கதை நேர் எதிர்த்திசையில் போகும். 2016 இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவின் கிரிஸ் ஜென்கின்ஸ் கடைசி மணி ஒலிக்கும்போது போட்ட மூன்று புள்ளி ஷாட்டால் 77-74 என்று நார்த் கரோலைனா தோற்றது. மறு ஆண்டு கோப்பையே வாங்கியது. ஜெயித்த வில்லனோவா 2017இல் முழுத் தொடருக்கும் முதல் தரவரிசையோடு வந்து இரண்டாம் சுற்றிலேயே விஸ்கான்சினிடம் தோற்றது. 2018இல் திரும்பவும் சாம்பியன் ஆனது. யார் மேலே யார் கீழே என்று ஓராண்டுக்கு மேல் நிலையாகச் சொல்லவே விடமாட்டார்கள்.

இந்தப் பழைய கதைகளில் பெரும்பாலானவை நடந்த காலத்தில் இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது: டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். கல்லூரி மாற விரும்பும் வீரர் தன் பெயரைப் பதியும் பட்டியல் அது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றாகிவிட்டது. அதே 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் விளம்பரங்களுக்குப் பணம் வாங்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை.

இதன் விளைவை 2025 சாம்பியன் அணியிலேயே பார்க்கலாம். கிளேட்டன் முதலில் அயோனா என்ற சிறிய கல்லூரியில் ஆடியவர். ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து வந்தவர். மார்ட்டின் ஃபுளோரிடா அட்லான்டிக் அணியோடு 2023இல் ஃபைனல் ஃபோர் வரை போனவர். அணியின் மூன்று முக்கிய கார்டுகளும், அதாவது பந்தைக் கையாண்டு ஆட்டத்தை நடத்தும் வெளிவட்ட ஆட்கள், வேறு கல்லூரிகளில் வளர்ந்தவர்கள். சின்னக் கல்லூரிகளின் ரசிகர்களுக்கு இது வருத்தம். தாங்கள் கண்டெடுத்து வளர்த்த பையன் மூன்றாம் ஆண்டில் பெரிய இடத்துக்குப் போய்விடுகிறான். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயிற்சியாளர்கள் இஷ்டப்படி வேலை மாறிக்கொண்டும் கோடிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டும் இருக்கும்போது, ஆடும் பையன் மட்டும் ஒரே இடத்தில் சும்மா கட்டுண்டு கிடந்த பழைய ஏற்பாடுதான் நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

ரசிகர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி, நேரம். 2025இல் போர்ட்டல் மார்ச் 24 அன்று திறந்து ஏப்ரல் 22 அன்று மூடியது. இறுதி ஆட்டம் நடந்தது அதன் நட்டநடுவில்! கோப்பைக்காக ஒரு பயிற்சியாளர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, மற்ற கல்லூரிகள் அடுத்த ஆண்டுக்கான ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதற்கும் மேல், டிராஃப்டில் பெயர் கொடுத்துப் பார்த்துவிட்டு மே மாத இறுதிக்குள் விலகிக் கல்லூரிக்கே திரும்பலாம் என்ற வசதியும் உண்டு. எனவே ஏப்ரல் 8 காலையில் 'அடுத்த ஆண்டு நாங்கள்தான்' என்று ஒருவர் சொன்னால், அணியில் யார் இருக்கப்போகிறார்கள் என்றே தெரியாமல் சொல்கிறார் என்று பொருள். ஜூன் வரை பொறுத்தால் பேச்சில் கொஞ்சம் சாரம் இருக்கும்.

ஜூனில் கணக்கு எப்படி இருந்தது? ஃபுளோரிடாவின் கிளேட்டன், மார்ட்டின், ரிச்சர்ட் மூவரும் சீனியர்கள், போனார்கள். என்.பி.ஏ. டிராஃப்டில் முறையே 18, 39, 56ஆம் ஆளாகத் தேர்வானார்கள். கடைசி ஃப்ரீ த்ரோவைப் போட்ட அபர்டீன் கென்டக்கிக்கு மாறினார். கோப்பையைப் பிடித்துத் தந்த காண்டன் டிராஃப்டில் பெயர் கொடுத்துவிட்டு விலகித் திரும்பினார். தாமஸ் ஹா, ரூபன் சின்யேலு இருவரும் இருந்தார்கள். ஆக, கூடைக்கு அருகில் நின்று ஆடும் முக்கியமான உயர ஆட்கள் பத்திரம். பந்தை நடத்தும் முக்கிய கார்டுகள் காலி. அந்த இடத்துக்கு ஆர்கன்சாவிலிருந்து பூகி ஃப்ளாண்டையும் பிரின்ஸ்டனிலிருந்து ஸேவியன் லீயையும் போர்ட்டல் வழியாகக் கொண்டுவந்தார் கோல்டன்.

ஹூஸ்டனில் ராபர்ட்ஸும், இறுதி ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்த எல்.ஜே. கிரையரும் படிப்பு முடித்துப் போனார்கள். ஆனால் ஷார்ப், யூசான், டக்லர் மூவரும் திரும்பினார்கள். அவர்களோடு நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீரர்களில் சிலர் புதிதாகச் சேர்ந்தார்கள்: கிங்ஸ்டன் ஃப்ளெமிங்ஸ், கிரிஸ் சேனாக், ஐசையா ஹார்வெல். சாம்ப்சனின் தற்காப்பு முறை பழகியவர்களால்தான் நிற்கும். பழகிய மூவர் இருந்தார்கள். முதலிடம் கிடைத்த பர்டியூவிலும் இதே தர்க்கம்தான். பிரேடன் ஸ்மித், டிரே காஃப்மன்-ரென், ஃப்ளெட்சர் லாயர் என்று மூன்று அனுபவசாலிகள் ஒரே அணியில் தொடர்ந்தார்கள்.

இப்போது அந்தத் தரவரிசையைப் பாருங்கள், விசித்திரமாகத் தெரியாது. வாக்களித்தவர்கள் ஏப்ரல் 7 இரவுக்கு மதிப்பெண் போடவில்லை. ஆட்டத்தை நடத்தும் ஆட்கள் யாரிடம் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஹூஸ்டனைவிட ஃபுளோரிடாவை ஓரிடம் கீழே வைத்ததற்கு அந்த கார்டு பிரச்சினைதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கும் அது சரியாகவே படுகிறது. கல்லூரி ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம் பந்து கார்டுகள் கையில்தான் இருக்கும். உயரமானவர் எவ்வளவு நல்லவரானாலும் அவருக்குப் பந்தை யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

2025 நவம்பரில் ஃபுளோரிடா தன் முதல் ஆட்டத்திலேயே லாஸ் வேகஸில் அரிசோனாவிடம் 93-87 என்று தோற்றது. உடனே ஒரு தரப்பு, பார்த்தீர்களா, கார்டுகள் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றது. இன்னொரு தரப்பு, ஒரே ஆட்டம்தானே என்றது. இரண்டுமே சரியாக இருக்கலாம். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேசுகிறவர் புள்ளிக்கணக்கை மட்டும் சொல்கிறாரா, அல்லது புது கார்டுகள் எத்தனை முறை பந்தை வீணாக இழந்தார்கள், எப்படிப்பட்ட ஷாட்டுகளை எடுத்தார்கள் என்று சொல்கிறாரா. இரண்டாவது வகை ஆள் கிடைத்தால், அவர் எந்த அணியின் ரசிகராக இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து முழு சீசனையும் அவரோடு பாருங்கள்.